சப் ஜெயில் சோறும் சர்வதேசச் சட்டமும்

சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவனுக்கெல்லாம், சாப்பிட்டவன் கை கழுவப் போகிற சாக்கில் நழுவிவிடுவானோ என்ற பயம் உண்டு. எனக்கு அந்தப் பயம் பாதிதான், ஏனென்றால் என் வாடிக்கைக்காரர்களில் பாதிப்பேர் கம்பிக்குப் பின்னால் இருந்தார்கள்.

சங்கரன்கோவிலில் தாலுகா கச்சேரிக்கு எதிரே கிளப்புக் கடை நடத்திக்கொண்டு, கச்சேரியை ஒட்டிய சப் ஜெயிலுக்கும் சாப்பாடு போடுகிற கான்ட்ராக்டை எடுத்திருந்தேன். சுதந்திரம் வந்து, அரசியல் சட்டமும் வந்து, எல்லாரும் உரிமை உரிமை என்று பேசிக்கொண்டிருந்த வருஷங்கள். சப் ஜெயிலில் இருந்தவர்கள் பெரும்பாலும் தண்டனை பெற்றவர்கள் அல்லர், விசாரணைக்குக் காத்துக் கிடந்தவர்கள். கஞ்சி வாளியையும் குழம்பு வாளியையும் நானே தூக்கிக்கொண்டு போவேன். என் கடை பெஞ்சில் வக்கீல்கள் காபி குடித்தபடி உலகத்துச் சட்டங்களையெல்லாம் அலசுவார்கள். வாளியோடு ரோட்டைத் தாண்டினால் அவை எந்த லட்சணத்தில் இருக்கின்றன என்று தெரிந்துவிடும்.

நீங்களும் ஒரு வாய்தாவுக்காகவாவது ஏதாவது ஒரு கச்சேரி வாசலில் வேப்பமரத்தைப் பார்த்தபடி நாள் பூராவும் நின்றிருப்பீர்கள். அந்த உறவில்தான் உங்களிடம் சொல்கிறேன். மற்றவர்களிடம் சொன்னால் நான் சட்டத்தை அவமதிக்கிறேன் என்பார்கள். அவமதிக்கத்தான் செய்கிறேன்.

குடியிருப்பு எங்கே?

மாடக்கண்ணு கிடை போடுகிறவர். அறுப்பு முடிந்து சும்மா கிடக்கிற நிலத்தில் ராத்திரி ஆடுகளை அடைத்துப் போட்டால் விடியும்போது நிலத்துக்கு எரு. அதற்கு நிலத்துக்காரர் கூலியாகத் தானியம் அளப்பார். இன்றைக்கு ஒருவர் நிலம், சில நாள் கழித்து அடுத்தவர் நிலம் என்று மாடக்கண்ணுவும் மனைவி பேச்சியும் ஆடுகளோடு போய்க்கொண்டே இருப்பார்கள். அப்படிக் கரிவலம்வந்தநல்லூர்ப் பண்ணையார் ஒருவர் நிலத்தில் கிடை போட்டிருந்த சமயம், ஊருக்குள் ஒரு வீட்டில் வெண்கலப் பானை காணாமல் போயிற்று.

புதிதாக வந்திருந்த சப் இன்ஸ்பெக்டர் மதராஸில் பிறந்து வளர்ந்தவர். ஆட்டை அவர் தட்டில்தான் பார்த்திருப்பார். இருட்டில் அடுத்தவன் நிலத்தில் கையில் கம்போடு ஒருவன் உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் அவருக்குப் படித்த சட்டமெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. நிலையான இருப்பிடம் இல்லை, அங்கே இருந்ததற்குத் திருப்தியான காரணமும் இல்லை. ஆகவே நிலபுலம் உள்ள ஒருவர் நன்னடத்தைக்கு ஜாமீன் நிற்க வேண்டும், நிற்கும்வரை ஆள் உள்ளே. பானை அடுத்த வாரமே அந்த வீட்டு வைக்கோல் படப்பில் அகப்பட்டது. ஆனால் கேஸ் பானையைப் பற்றியது அல்லவே, குடியிருப்பைப் பற்றியது.

சப் இன்ஸ்பெக்டர் என் கடையில் தோசை தின்னும்போது கிடை என்றால் என்னவென்று விளக்கமாகச் சொன்னேன். ஐப்பசி மழை விழுமுன் ஆடுகளைக் கரிசலிலிருந்து மலையடிவாரத்து மேட்டு நிலத்துக்கு ஓட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் சேற்றில் நின்று குளம்பு அழுகிச் சாகும், பொம்பளை ஒருத்தியால் அத்தனை ஆட்டையும் ஓட்டிப் போக முடியாது என்றும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். இன்னொரு கரண்டி சட்னியும் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு சொன்னார்: "ஆட்டுக்குப் பக்கத்துல தூங்கறவன் வீடு இல்லாதவன்தானே? அதைத்தானேய்யா நானும் எழுதியிருக்கேன்?"

உடம்பைக் கொண்டு வா

வக்கீல் நமசிவாயம் இங்கிலாந்துக்குப் போனதில்லை. ஆனால் அவர் பேசுவதைக் கேட்டால் நேற்று ராத்திரி ரயிலில்தான் அங்கிருந்து வந்து இறங்கியவர் என்று தோன்றும். "உலகத்திலேயே மனுஷனுக்குப் பாதுகாப்பு இங்கிலீஷ் சட்டந்தான்" என்பார். அங்கே ஒருவனைக் காரணமில்லாமல் அடைத்து வைத்தால், ஹேபியஸ் கார்ப்பஸ் என்று ஒரு மனுப் போட்டால் போதுமாம். அடைத்தவன் ராஜாவின் ஆளாக இருந்தாலும், 'அந்த உடம்பைக் கொண்டு வந்து என் முன்னால் நிறுத்து' என்று நீதிபதி உத்தரவு போடுவாராம். அந்த உரிமை இப்போது நமக்கும் வந்துவிட்டதாம். சொல்லும்போது அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. எனக்கும் கொஞ்சம் எறிந்தது.

அப்படியானால் மாடக்கண்ணுவுக்கு ஒன்று போட்டுவிடுங்களேன் என்றேன். உடனே அவர் இங்கிலாந்திலிருந்து சங்கரன்கோவிலுக்கு வந்து சேர்ந்தார். அதற்கு மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குப் போகணும், சீனியர் வக்கீல் வைக்கணும், ஒரு சந்தேகக் கேஸுக்காகவா இதெல்லாம் என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

அன்று மத்தியானம் சோறு கொண்டு போனபோது வார்டர் பிச்சையாவிடம் இந்த உடம்பு விஷயத்தைச் சொன்னேன். முந்தின இரண்டு வாய்தாவுக்கும் மாடக்கண்ணுவை அவர்தான் கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனவர். ஒரு தடவை சப் மாஜிஸ்திரேட் லீவு, மறு தடவை சப் இன்ஸ்பெக்டர் வரவில்லை. பிச்சையா சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னார்: "ஒடம்பை நாங்க தவறாமக் கொண்டு போயி நிப்பாட்டத்தாம் செய்தோம் அண்ணாச்சி. பாக்கதுக்குத்தாம் அங்கன ஆளில்ல."

பிறந்த குற்றம்

சிலோனிலிருந்து வந்த பரமசிவத்தை எல்லாரும் கண்டிப் பரமசிவம் என்பார்கள். கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து நிறுக்கும் வேலை பார்த்து, அங்கேயே கல்யாணமும் முடித்தவர். அந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்ததும் யார் யார் குடிமக்கள் என்று சட்டம் போட்டார்கள். மனுக் கொடுத்தார். உன் அப்பன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டார்கள். தோட்டத்துக் கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், லயத்தில் பிறந்த பிள்ளைக்கு எந்தத் துரை அத்தாட்சி எழுதிக் கொடுத்தான்? கள்ளத்தோணி என்று பெயர் வைத்து அனுப்பிவிட்டார்கள். நடு வயதில் முதன்முதலாகச் சொந்த ஊரைப் பார்க்க வந்தார்.

வந்த துக்கத்துக்கு ஓடைக்கரையில் யாரோ காய்ச்சியதைக் கொஞ்சம் குடித்திருக்கிறார். நம் ராஜ்யத்தில் மதுவிலக்கு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சப் ஜெயிலில் அவருக்கு மோர் ஊற்றும்போது, எந்த ஊர்ச் சட்டம் தேவலை என்று விளையாட்டாகக் கேட்டேன். மோரைக் குடித்து முடித்துவிட்டு நிதானமாகப் பதில் சொன்னார்: "அங்க குடிச்சாக் குத்தமில்ல, பொறந்ததுதான் குத்தம். இங்க பொறந்தது குத்தமில்ல, குடிச்சதுதான் குத்தம். ரெண்டும் குத்தமில்லாத ஊரு ஒண்ணு இருந்தாச் சொல்லும், நடந்தே போயிருதேன்."

உப்பு

கைதிகளின் குறைகளைக் கேட்பதற்கென்று கௌரவ விசிட்டர் ஒருவர் உண்டு. ஊரில் பெரிய ஜவுளி வியாபாரி. அவர் வருகிற நாள் எனக்குத்தான் விசாரணை நடக்கும், அடைபட்டவர்களுக்கு நடக்காது. அன்றைக்கு ஒரு விரலைச் சாம்பாரில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். மாடக்கண்ணு எழுந்து கும்பிட்டு, "நான் ஒரு தப்பும் செய்யலய்யா, என்னை எதுக்கு அடைச்சிருக்காவன்னு தெரியல" என்றார். விசிட்டர் அவரைக் கையமர்த்தி, அது கோர்ட்டு விஷயம், நான் கேட்க வந்தது மனிதாபிமான விஷயம் என்றார். ஐரோப்பாவில் ஏதோ ஒரு நாட்டில் கைதிகளுக்குப் பாலும் ரொட்டியும் கொடுக்கிறார்களாம், பத்திரிகையில் படித்தாராம். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாளியை அங்கேயே போட்டுவிட்டு வந்திருப்பேன், பிச்சையாதான் கண்ணைக் காட்டினார். விசிட்டர் என் பக்கம் திரும்பி, குரல் தழுதழுக்கச் சொன்னார்: "சாம்பார்ல உப்பில்லாம மனுசன் எப்பிடிவே இருப்பான்? அவனுக்கும் உரிமை இல்லையா?"

பண்ணையாரின் பாதுகாப்பு

மாடக்கண்ணுவுக்கு ஜாமீன் நிற்கவேண்டிய ஆள் கரிவலம் பண்ணையார்தான். அவர் கூப்பிட்டுத்தானே கிடை வந்தது. 'என் நிலத்தில் நான் சொல்லித்தான் இருந்தான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் கேஸே கிடையாது. பேச்சி அவர் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறாள். கேஸ் முடியட்டும் என்றாராம். அதோடு விடவில்லை. கேஸில் கிடக்கிறவன் ஆட்டை இடம் மாற்றினால் சட்டப்படி குற்றம், உன்னையும் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று சொல்லியிருக்கிறார். அவளும் நம்பி, பகலில் பக்கத்திலேயே மேய்த்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் அவர் நிலத்திலேயே அடைத்திருக்கிறாள். பண்ணையார் செய்த ஒரே வேலை, இந்த மூலை போதும், இனி அந்த மூலையில் அடை என்று கைகாட்டியதுதான். ஆள் உள்ளே, அதனால் கூலி கிடையாது. நிலம் மட்டும் கொழுத்துக்கொண்டே வந்தது.

நெல் விஷயமாக அவர் சங்கரன்கோவில் வந்தபோது என் கடைக்குள்ளும் நுழைந்தார். வானம் இருட்டிக்கொண்டு வருகிறது, அந்தப் பொம்பளை ஒற்றையாகக் கிடந்து அல்லாடுகிறாள், ஒரு கையெழுத்துப் போட்டால் என்ன என்று கேட்டேன். பண்ணையார் காபியை ஆற்றி ஆற்றிக் குடித்தார். பிறகு சாந்தமாகச் சொன்னார்: "அவன் உள்ள இருக்கது அவனுக்குப் பாதுகாப்பு. ஆடு எங்கிட்ட இருக்கது ஆட்டுக்குப் பாதுகாப்பு. இதுல ஒமக்கு என்னவே நட்டம்?"

ஒரே பூட்டு

கடையநல்லூர் காதர் மைதீன் மலாயாவில் ரப்பர்த் தோட்டத்துப் பக்கம் மளிகைக் கடை வைத்திருந்தவர். பினாங்கிலிருந்து கொண்டுவந்த கைக்கடிகாரங்களை இங்கே விற்கும்போது ரசீது கேட்டார்கள். ரசீது இல்லாததால் என் சாம்பாருக்கு வந்து சேர்ந்தார். மரியாதையான மனிதர். சோறு போட்டவுடன் பிஸ்மி சொல்லித்தான் கை வைப்பார். இதற்கு முன்னால் உள்ளே இருந்திருக்கிறீர்களா என்று கேட்டதற்கு, சிரித்துக்கொண்டே மலாயாக் கதையைச் சொன்னார். காட்டுக்குள் கலகக்காரர்கள் இருந்தார்களாம். அவர்களுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று அரசாங்கம் கட்டுப்பாடு போட்டிருந்ததாம். யாரோ ஒரு தோட்டத்தாளுக்கு இவர் கொஞ்சம் கூடுதலாக அரிசி போட்டுவிட்டார் என்று பிடித்துக்கொண்டு போய், கேஸ் இல்லை, விசாரணை இல்லை, முள்வேலிக்குள் மாதக்கணக்கில் வைத்துவிட்டார்களாம்.

அது வெள்ளைக்காரன் ஆட்சிதானே, இங்கிலீஷ் சட்டந்தானே, உடம்பைக் கொண்டு வா என்று ஒருவரும் கேட்கவில்லையா என்று நான் வக்கீல் ஐயாவின் பாடத்தை ஒப்பித்தேன். காதர் மைதீன் விரலை வழித்துவிட்டு எழுந்தார். "அந்தச் சட்டமெல்லாம் அவன் ஊருல அவனுக்கு வச்சிக்கிட்டான் அண்ணாச்சி. அல்லா அறிய சொல்லுதேன், அங்கயும் இங்கயும் பூட்டுத சத்தம் ஒண்ணுபோலத்தாம் கேக்கு."

பெஞ்சு சுமந்த கூட்டம்

ஐப்பசி பிறக்கப் போகிற சமயம், ஊர் வக்கீல்கள் சேர்ந்து ஒரு கூட்டம் போட்டார்கள். 'மனித உரிமைகளைப் பல நாடுகளும் காக்கும் விதம்' என்று தட்டி எழுதிக் கட்டினார்கள். தலைமை சப் மாஜிஸ்திரேட். காபியும் சுண்டலும் நான். கோர்ட்டு பெஞ்சுகளைக் கச்சேரி மைதானத்துக்குத் தூக்க ஆள் வேண்டியிருந்தது. சப் ஜெயிலில் திடமான ஆட்கள் சும்மாதானே இருக்கிறார்கள் என்று யாருக்கோ தோன்றியது. குற்றம் தீர்மானமாகாதவனிடம் வேலை வாங்கக் கூடாதென்று சட்டம் உண்டு. அது தெரிந்தவர்கள் அத்தனை பேரும் கரைவேட்டி கசங்காமல் ஓரமாக நின்று, பார்த்து வை, பார்த்து வை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாடக்கண்ணுவுக்கு அன்றுதான் வாய்தா. பெஞ்சுகள் வெளியே போய்விட்டதாலும் தலைவர் பேச்சைத் தயாரிக்க வேண்டியிருந்ததாலும் கோர்ட்டைச் சீக்கிரம் முடித்து வாய்தாவைத் தள்ளி வைத்தார்கள்.

கூட்டம் முடிந்ததும் பெஞ்சுகளைத் திரும்பக் கொண்டு போக வேண்டுமே, அதனால் மாடக்கண்ணுவும் பிச்சையாவும் கடைசியில் தரையில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார்கள். நமசிவாயம் இங்கிலாந்தைப் பற்றி அழுதுவிடுவார்போல் பேசினார். அடுத்தவர் அமெரிக்காவில் எல்லா மனிதரும் சமம் என்றார். கறுத்தவர்கள் பஸ்ஸில் பின்னால் உட்கார வேண்டும் என்பது அவர் படித்த புத்தகத்தில் இல்லை போலிருக்கிறது. பிரான்ஸைப் பற்றிப் பேச எழுந்த வக்கீல் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று மூன்று முறை மேஜையைக் குத்தினார், என் கண்ணாடித் தம்ளர் ஒன்று உடைந்தது. ருஷ்யாவில் எல்லாருக்கும் வேலை பெறும் உரிமை உண்டென்றார் ஓர் இளம் வக்கீல். பேசுகிற உரிமை எப்படி என்று ஒரு குமாஸ்தா எழுந்து கேட்டார். தலைவர் மணியடித்துவிட்டார். முடிவுரையில் அவர், இத்தனை நாட்டிலும் உள்ள நல்லதையெல்லாம் பொறுக்கித்தான் நம் அரசியல் சட்டம் ஆக்கப்பட்டிருக்கிறது என்றார். விசாரணையில்லாமல் காவலில் வைக்கிற ஏற்பாட்டையும் யாரோ மறக்காமல் பொறுக்கிச் சேர்த்திருக்கிறார்கள் என்று அவர் சொல்லவில்லை. கைதட்டினார்கள்.

மாடக்கண்ணு பெஞ்சைத் தோளில் ஏற்றிக்கொண்டு என்னைத் தாண்டிப் போகும்போது ஒரு கணம் நின்றார். அந்த ஆள் கேலி செய்கிறவர் அல்ல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்: "இம்புட்டு நாட்டுலயும் ஆடு மேய்க்கவன் உண்டும்லா அண்ணாச்சி? அவன எங்கன அடைக்காவ?"

ஜாமீனுக்குப் போட்டி

மறுநாள் பேச்சி கடை வாசலுக்கு வந்தாள். ஆட்டை நகட்டினால் குற்றமாமே, நிஜந்தானா என்று கேட்டாள். பண்ணையார் சொன்ன இந்தச் சட்டத்தை அவள் அதுவரை என்னிடம் சொல்லவில்லை. உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்த நமசிவாயத்தைக் கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஆட்டு மேல கேஸ் இல்லையேய்யா, எங்க வேணும்னாலும் போகலாமே" என்றார். இத்தனை நாள் அவர் பேசியதில் உருப்படியான சட்டம் இது ஒன்றுதான், இதற்கு எந்த நாட்டுப் புத்தகமும் தேவைப்படவில்லை. பேச்சி சிரிக்கவில்லை. முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலமே ஆடுகள் வரப்பைத் தாண்டிப் பண்ணையாருடைய பங்காளியின் நிலத்துக்குப் போய்விட்டன. இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஜாமீன் போட்டால் கிடை இங்கே, இல்லாவிட்டால் அடுத்த ஊர் என்று பேச்சி பங்காளியிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். விடிந்ததும் அவர் பட்டாவை எடுத்துக்கொண்டு கச்சேரிக்கு வந்தார். விஷயம் தெரிந்து பண்ணையாரும் வில்வண்டியைப் பூட்டி விரட்டிக்கொண்டு வந்தார். மாடக்கண்ணு என் ஆள், நான்தான் ஜாமீன் நிற்பேன் என்று அவரும், வே, நீர் இத்தனை நாள் எங்கே போயிருந்தீர் என்று பங்காளியும் கோர்ட்டு வராந்தாவில் மல்லுக்கு நின்றார்கள். பங்காளி முந்திக்கொண்டார். சப் மாஜிஸ்திரேட் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கூண்டில் நின்ற மாடக்கண்ணுவை அன்றுதான் முதல் தடவையாக நன்றாகப் பார்த்தார். "யாருய்யா இவன்? இவ்வளவு வேண்டியவன்னா மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

வெளியே

ஆள் வெளியே வந்துவிட்டார், இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அன்றைக்கு அவருக்கும் பேச்சிக்கும் இலை போட்டுப் பாயசத்தோடு சாப்பாடு போட்டேன். ஆனால் ஜாமீன் நின்றவர், எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் மாடக்கண்ணு மறுபடியும் உள்ளே போக வேண்டும். அதுவும் சட்டம். பங்காளிக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது. இந்த வயல் முடியட்டும், அந்த வயலும் முடியட்டும் என்றார். மலையடிவாரத்துக்குப் போகிறேன் என்று மாடக்கண்ணு கும்பிட்டுக் கேட்டபோதெல்லாம், போ, நான் கச்சேரிக்குப் போகிறேன் என்றார். மழை பிடித்துக்கொண்டது. கரிசல் குழைந்து முழங்கால் புதைந்தது. ஆடுகள் படுக்க இடமில்லாமல் ராவும் பகலும் சேற்றில் நின்றன. குளம்பு அழுகி, பாதி மந்தைக்கு மேல் போய்விட்டது. சினையாடுகள்தான் முதலில் செத்தன என்று பேச்சி வந்து சொன்னாள்.

நமசிவாயத்திடம் போனேன். பங்காளி செய்ததில் சட்டவிரோதம் ஒன்றும் இல்லை என்றார். இதற்குமேல் அந்த மனிதரோடு பேசினால் கை நீட்டிவிடுவேன் என்று பயந்து எழுந்து வந்துவிட்டேன். போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வந்த மாடக்கண்ணு கடைக்கு வந்து உட்கார்ந்தார். காபி வைத்தேன். ஆறிப்போகிறவரை தொடவில்லை. பிறகு ரோட்டுக்கு எதிரே ஜெயில் கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "உள்ள இருக்கையில, எப்ப விடுவியன்னு கேக்கதுக்கு பிச்சையா அண்ணாச்சியாவது இருந்தாவ. இப்ப நான் யார்ட்டப் போயிக் கேக்க?"

உலகத்தில் எந்த நாட்டுச் சட்டம் மனுஷனை நன்றாகக் காப்பாற்றுகிறதோ எனக்குத் தெரியாது, ஆனால் எங்கள் தாலுகாவில் அது ஆட்டுப் புழுக்கையைக் காப்பாற்றிய அளவுக்கு ஆட்டுக்காரனைக் காப்பாற்றி நான் பார்த்ததில்லை.